முப்பது துடிப்புக் கடிகாரம்

நகானோ வணிக வளாகத்தின் பழைய கடிகாரக் கடைகளில் ஒரு பொருளுக்கு முன்னால் ‘பேச்சு நடக்கிறது’ என்று சீட்டு வைத்துவிட்டால் அதன்மேல் வேறு எவரும் கை வைக்க மாட்டார்கள். பொறாமைப்படலாம், அதற்குத் தடையில்லை. அந்தச் சனிக்கிழமை தொகுரா அம்மாளின் கடையில் இருந்த சீட்டு குசுமி ஷுஹேயின் பெயரில் இருந்தது. கெடு மாலை நான்கு மணி.

குசுமி டாக்டராகி மூன்று மாதம். ஒன்பது சனிக்கிழமைகள் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டி நின்றவன், முதல் போனஸ் வந்த அன்றே போன் போட்டுச் சீட்டு வைக்கச் சொல்லிவிட்டான். அறுபதுகளில் டாக்டர்களுக்கென்றே செய்த கடிகாரம் அது. வெள்ளை முகம், விளிம்பில் சிவப்பு எண்கள். பொத்தானை அழுத்திவிட்டு நாடியை எண்ண வேண்டும். எண்ணி முடித்து மறுபடி அழுத்தினால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று முள்ளே காட்டிவிடும். பெருக்க வேண்டியதில்லை. குசுமிக்குப் பெருக்கல் வராது என்று சொல்லிவிட முடியாது. நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது, அவ்வளவுதான்.

மூன்றே முக்காலுக்கு அவன் உள்ளே நுழைந்தபோது கடையின் ஒரே நாற்காலியில் ஒருவர் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்திருந்தார். மொமோசே, ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவருக்கும் இதே கடிகாரத்தின் மேல்தான் கண்.

“வாங்க டாக்டர்” என்றாள் தொகுரா அம்மாள். இருவரும் தலையாட்டினார்கள்.

“உங்கள இல்ல மொமோசே-சான். நீங்க வந்து ஒரு மணி நேரமாச்சு.”

“நான் சும்மா காத்து வாங்க வந்தேன். நாலு மணி வரைக்கும் வாங்குவேன்.”

தொகுரா அம்மாள் கடிகாரத்தை வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினாள். “போட்டுப் பாருங்க. யாரையாவது பரிசோதிக்கணுமா? இந்தாங்க, என் கை.”

குசுமி அவள் மணிக்கட்டைப் பிடித்து, பொத்தானை அழுத்தி, பதினைந்து துடிப்பு எண்ணி, மறுபடி அழுத்தினான். முள் நூற்று நாற்பத்தெட்டில் நின்றது.

“அம்மா, உட்காருங்க” என்றான். பிறகு, “இல்ல, படுங்க.”

“ஏன்?”

“உங்க நாடி நூத்தி நாப்பத்தெட்டு.”

“அது நல்லதா?”

“முயலுக்கு.”

மொமோசே வாழ்நாளில் முதல் முறையாக இன்னொருவருக்காக நாற்காலியை விட்டு எழுந்தார். தொகுரா அம்மாள் அதில் சாய்ந்தாள். காலைத் தூக்கி ஒரு சுவர்க்கடிகாரப் பெட்டியின் மேல் வைத்தார்கள். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

“பணத்த வாங்கிட்டுப் படுத்துக்கறேனே” என்றாள் அவள்.

“அசையக்கூடாது. கல்லாப்பெட்டி பக்கமே போகக்கூடாது” என்றான் குசுமி. சொல்லும்போதே நெஞ்சு வலித்தது. எட்டு நிமிடத்தில் சீட்டு செல்லாது. ஆனால் நோயாளியிடம் பில் போடச் சொல்லும் டாக்டர் என்ன டாக்டர்?

“ரொம்ப சரி” என்றார் மொமோசே, கூரையைப் பார்த்தபடி. “உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க தம்பி. கடைய நான் பாத்துக்கறேன்.”

“உங்க கையயும் காட்டுங்க.”

மொமோசேவுக்கு நூற்று அறுபது. குசுமி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். நூற்றுத் தொண்ணூறு. மூன்று பேரும் ஒரே கடையில் சாகப்போகிறார்கள் என்றால் காற்றில் ஏதோ இருக்க வேண்டும். அவன் ஜன்னலைத் தேடினான். மூன்றாம் மாடிக் கடைக்கு ஜன்னல் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தான். மணி மூன்று ஐம்பத்தாறு.

படுத்திருந்த தொகுரா அம்மாள் கேட்டாள்: “டாக்டர், நீங்க எத்தன எண்ணினீங்க?”

“பதினஞ்சு. ஆஸ்பத்திரில எப்பவும் பதினஞ்சு செகண்ட்தான் எண்ணுவோம். கை தானா அங்க நின்னுடும்.”

“இது செகண்ட் எண்ணற கடிகாரம் இல்லப்பா. துடிப்ப எண்ணணும். அதுவும் முப்பது. முகத்துலயே போட்டிருக்கே, பொடி எழுத்துல, பிரெஞ்சுல.”

குசுமி கண்ணருகே வைத்துப் பார்த்தான். முப்பது என்ற எண் மட்டும் எந்த மொழிக்காரனுக்கும் புரியும்படி இருந்தது. நூற்று நாற்பத்தெட்டில் பாதி எழுபத்துநாலு. இதற்குப் பெருக்கல்கூட வேண்டாம்.

“மொமோசே-சான், உங்களுக்குத் தெரியுமில்ல?” என்றாள் தொகுரா அம்மாள்.

“நான் பல்லு டாக்டர். கழுத்துக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியாது.”

தொகுரா அம்மாள் எழுபத்துநாலு துடிப்புக்குரிய கம்பீரத்துடன் எழுந்து கல்லாவுக்குப் போனாள். குசுமி பணம் வைத்த உறையை இரு கையாலும் நீட்டினான். அவள் சீட்டை எடுத்துக் கிழித்தபோது மணி மூன்று ஐம்பத்தொன்பது. கடிகாரம் அவன் கையில் ஏறியது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். மொமோசே தொழில் பழக்கத்தில் அவற்றை ஒரு பார்வை பார்த்து, “கடைவாய்ல ஒண்ணு சொத்த” என்றார்.

“சார், உங்க கையக் குடுங்க. இப்ப ஒழுங்கா எண்ணறேன்.”

முப்பதும் எண்ணினான். தொண்ணூற்றாறு.

“கொஞ்சம் அதிகமாவே இருக்கே?”

“துக்கம்” என்றார் மொமோசே.

“எனக்கும் இன்னொரு தடவ பாருங்க” என்று தொகுரா அம்மாள் கை நீட்டினாள். “மெதுவாவே எண்ணுங்க. இந்தக் கடையில யாரும் என் கையப் புடிச்சுப் பல வருஷமாச்சு.”

சத்தம் கேட்டு எதிர்க்கடை பொம்மை வியாபாரி எட்டிப் பார்த்தார். அவருக்கு நாடி எழுபது. அவர் போய்ச் சொல்ல, பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் வந்தார். நாலேகாலுக்குள் நடைபாதையில் ஏழு பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். குசுமி ஒவ்வொருவருக்கும் முப்பது துடிப்பு எண்ணினான். ஆஸ்பத்திரியில்கூட அவனை இத்தனை பேர் டாக்டர் என்று கூப்பிட்டதில்லை.

வரிசையின் கடைசி ஆளாக, “துக்கம் கொறஞ்சிருக்கான்னு பாக்கணும்” என்று சொல்லிக்கொண்டு, மொமோசே நின்றார்.