பிளெனிம் கிராமத்தைக் கீழே வைக்காதே

ஸ்ட்ரெச்சரை இரண்டாம் தடவையும் சரித்துப் பார்த்தார்கள். கால்பக்கம் படுக்கையறை வாசலைத் தாண்டி வந்துவிட்டது, தலைப்பக்கம் வர மறுத்தது. பிரேதம் எடுக்க மலர்ச்சாலையிலிருந்து வந்த இரண்டு வெள்ளைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழியை மறித்துக்கொண்டு மேசை கிடந்தது. மேசையில் பிளெனிம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

தவமணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது பழகிப்போன நிற்பு. இந்த வீட்டில் குசினிக்குப் போவதென்றாலும் குளியலறைக்குப் போவதென்றாலும் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நடக்கவேண்டும். மகன் வாகீசன் கலியாணம் செய்து, எஜாக்ஸில் வீடு வாங்கிப் போன அடுத்த மாதமே, ஹோலில் அவனுடைய கட்டில் கிடந்த இடத்தில் அவள் புருஷன் ஸ்ரீஸ்கந்தராசா பலகை வாங்கி வந்து இந்த மேசையை அறைந்துவிட்டார். உள்ளேயே செய்த மேசை, முழுசாக வெளியே போக வழியில்லை. செய்தவருக்கும் இப்போது அதே கதிதான்.

ரொறன்ரோவில், ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மனிதருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து தொற்றியதென்று யாருக்கும் தெரியாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், டானியூப் ஆற்றங்கரையில், ஒரே பகலில் நடந்து முடிந்த சண்டை. ஒரு பக்கம் இங்கிலிஷ் தளபதி மார்ல்பரோ, மறுபக்கம் பிரெஞ்சுத் தளபதி டல்லார். விரல் நகத்தளவு சிப்பாய்களுக்கு ஒவ்வொன்றாகச் சட்டை, தொப்பி, பொத்தான் என்று வர்ணம் பூசுவார். சனிக்கிழமை சாப்பாடு முடிந்தால் அவர் டல்லார். எதிர்த்து ஆட வேறு ஆள் இல்லாததால் தவமணி மார்ல்பரோ. மாட்டேன் என்றால் ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். அதைவிட மார்ல்பரோவாக இருந்துவிட்டுப் போகலாம் என்று அவளும் தாயக்கட்டையை உருட்டினாள்.

"இஞ்சரும், டல்லாரிலை பிழையில்லை," என்பார். "பிளெனிம் கிராமத்துக்குப் பொறுப்பா விட்டவன் கிளெரம்போ எண்டு ஒருத்தன். பயத்திலை, கேக்காமல் கொள்ளாமல், பின்னுக்கு நிண்ட பட்டாளத்தையும் ஊருக்குள்ளை அடைஞ்சுபோட்டான். உள்ளுக்கை நிண்டவனுக்குத் துவக்கைத் தூக்க இடமில்லை. வெளியிலை எதிரியள் கொஞ்சப்பேர் நிண்டு மறிக்கவே போதுமாப் போச்சு. மார்ல்பரோ நடுவாலை போயிட்டான்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் திருத்தப் பார்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தோற்றார். தோற்றபிறகு சிரித்த முகத்தோடு அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். வீட்டில் அவர் தேத்தண்ணி ஊற்றுவது அந்த ஒரு தருணத்தில்தான்.

இன்றைக்கும் சனிக்கிழமை. விடிய நேர்ஸ் வந்து, நாடி பார்த்து, ஆள் முடிந்துவிட்டார் என்று சொல்லிப் போன கையோடு வாகீசன் போன் போடத் தொடங்கினான். டோர்செட் பார்க்கிலிருந்த சொந்தம், வெக்ஸ்போர்ட்டிலிருந்த சொந்தம், சொந்தமென்று சொல்லிக்கொண்டவர்கள் எல்லாரும் வந்து பன்னிரண்டாம் மாடி வீட்டை நிறைத்துவிட்டார்கள். கொரிடோர் முழுக்கக் கழற்றிப் போட்ட சப்பாத்து. மூச்சு விடுவதற்கும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கவேண்டும் போலிருந்தது.

"உடைச்சால்தான் சரிவரும்," என்றான் வாகீசன். அவன் கையில் கறுப்புக் குப்பைப் பை இருந்தது. "எப்பிடியும் எறியிற சாமான்தானே அம்மா. மாதக் கடைசியிலை வீட்டை விடவேணும்."

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டைத்தான். போன கிழமையே கீழை பில்டிங் ஒபிசிலை மனேஜர் ஏஞ்சலாட்டைச் சொல்லிட்டன். இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு அவ ஒபிஸ் பூட்ட முந்தி, புதுசா ஆரோ வந்து அட்வான்ஸ் கட்டப்போகினமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எங்கடை வீட்டு பேஸ்மென்ற் ரெடி."

"ஓம் மாமி, பெயின்ற்கூட அடிச்சாச்சு. நைஸ் யெலோ," என்றாள் மருமகள் லக்சிகா.

போன கிழமை. போன கிழமை அவர் கஞ்சி குடித்தார், உப்புக் காணாதென்றும் சொன்னார். தவமணிக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. செத்த வீட்டில் ஒரு பொம்பிளை அழலாம், விழலாம், மயங்கலாம். கோபிக்க மட்டும் இடமில்லை.

அந்த பேஸ்மென்ரை அவளுக்குத் தெரியும். பேரன் பிறந்தபோது இரண்டு மாதம் இருந்து பார்த்தவள். உச்சியில் ஒரு கண்ணாடி, அதில் புல்லின் வேர் தெரியும். பஸ் இல்லை, கடை இல்லை. கோயிலுக்குப் போக மகனின் லீவுக்குக் காத்திருக்கவேண்டும். இங்கே என்னதான் பக்கவாட்டில் நடந்தாலும் லிஃப்டில் இறங்கினால் கெனடி ரோட், கடை, பஸ். வாடகையும் பழைய வாடகை. கையை விட்டால் இந்தக் காசுக்கு ரொறன்ரோவில் கோழிக்கூடும் கிடையாது.

"நான் வரேல்லை," என்றாள் தவமணி.

"கவலையிலை சொல்லுறா," என்று யாரோ சொன்னார்கள். இன்னொருத்தி தோளைப் பிடித்து அழுத்திக் கதிரையில் இருத்தினாள். கையில் தேத்தண்ணி வந்தது.

"நான் கீழை போய் ஏஞ்சலாவோடை கதைக்கவேணும்."

"பொம்பிளையள் பிரேதத்துக்குப் பின்னாலை போறேல்லை தங்கச்சி," என்றார் அடுத்த வீட்டு மரியரட்ணம். அவர் கிறிஸ்து வேதக்காரர், என்றாலும் சைவக்காரரின் முறையெல்லாம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தவமணி எழும்பப் பார்த்தாள். முன்னால் முழங்கால்கள், பின்னால் சுவர். இன்றைக்கு அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது கவலைக் கணக்கில்தான் போகும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

வாகீசன் குப்பைப் பையை விரித்து, பிரெஞ்சுக் குதிரைப்படையை அள்ளக் கையை வைத்தான்.

"தம்பி, பொறு. அள்ளாதை," என்றாள். "அப்பா இவ்வளவு காலமாக் கையாலை செய்த சாமான். அவர் உள்ளுக்கை கிடக்கேக்கை குப்பையிலை போடுவியே?"

இது எடுபட்டது. அவளுடைய சொல்லுக்கு இல்லாத மதிப்பு செத்தவரின் சாமானுக்கு இருந்தது. வாகீசன் கையை எடுத்துக்கொண்டான்.

தவமணி எழும்பினாள். குசினித் தட்டுகள், கேக் தட்டங்கள், மூடிகள் எல்லாவற்றையும் எடுப்பித்து, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தாள். "சிப்பாய்மாரைச் சரிக்காமல் பிடியுங்கோ, கத்தி முறிஞ்சிடும்." லக்சிகாவின் கையில் குதிரைப்படை. மரியரட்ணத்தின் கையில் பீரங்கிகள். வந்தவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் காலாட்படை. கடைசியில் ஒரே பலகையில் ஒட்டியிருந்த பிளெனிம் கிராமம், கோயிலும் வேலியும் வீடுகளுமாக.

"நீதான் மகன். நீ தூக்கு. கீழை வைக்காதை."

வாகீசன் இரண்டு கையாலும் கிராமத்தைத் தூக்கினான். வெறும் மேசையை மலர்ச்சாலைக்காரர் நிமிர்த்திச் சுவரில் சாத்தினார்கள். ஸ்ட்ரெச்சர் திரும்பி ஹோலுக்கு வந்தது.

"வழி விடுங்கோ, அறைக்குள்ளை போங்கோ," என்று தவமணி எல்லாரையும் உள்ளே தள்ளினாள். தட்டுகளை ஏந்திக்கொண்டு சனம் படுக்கையறைக்குள் போயிற்று. உயிர் போன கட்டிலில் எதையும் வைக்க யாருக்கும் மனம் வராது. நிலத்தில் குனிய இடமில்லை. தோளோடு தோள் இடித்து, தட்டுகளை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாகப் போன வாகீசன் கிராமத்தோடு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்தாளா என்று கேட்டால், பாதிக்கு மேல் யோசித்துத்தான் செய்தாள்.

ஜக்கெற்றை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா, எங்கை போறியள்? லக்சி, அம்மாவைப் பிடி."

"எப்பிடிப் பிடிக்கிறது? ஐ ஹாவ் ஹோர்ஸஸ்," என்றது உள்ளேயிருந்து லக்சிகாவின் குரல்.

லிஃப்டில் ஸ்ட்ரெச்சருக்கும் இரண்டு பேருக்கும் இன்னும் ஒருவருக்கும் மட்டும் இடமிருந்தது. கதவு மூடிய பிறகு தவமணி போர்வைக்கு மேலால் அவருடைய பாதத்தைப் பிடித்தாள். "இஞ்சருங்கோ," என்றாள். பன்னிரண்டு மாடி இவ்வளவு கெதியாக முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கீழே இறங்கினால் இடப்பக்கம் பின்கதவு, அதற்கு வெளியே பிரேதம் ஏற்றும் வான். வலப்பக்கம் ஒபிஸ். ஏஞ்சலா கோட்டைப் போட்டுக்கொண்டு லைட்டை அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வெய்ற். ப்ளீஸ்," என்றாள் தவமணி மலர்ச்சாலைக்காரரைப் பார்த்து. மூத்தவர் தலையாட்டினார். விளங்கித்தான் ஆட்டினாரோ, மரியாதைக்கு ஆட்டினாரோ. அவள் இடப்பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு வலப்பக்கம் திரும்பி நடந்தாள்.

ஏஞ்சலா கட்டிப்பிடித்து அனுதாபம் சொன்னாள். மகன் சொன்னாரே என்றாள். ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். உங்கள் வயதில் தனியாகவா என்றும் கேட்டாள். தவமணியிடம் இருந்த இங்கிலிஷ் கொஞ்சம்தான், அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"மை சன் ஸ்பீக். மீ நோ ஸ்பீக். மை ஹவுஸ். ஐ ஸ்ரே."

ஏஞ்சலா கையுறையைக் கழற்றிவிட்டு, வரவிருந்தவர்களுக்குப் போன் எடுத்தாள். அவர்கள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். அந்தப் பக்கத்தில் யாரோ கோபமாக நெடுகக் கதைத்தார்கள். தவமணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொல் வரும்வரைக்கும் நின்றாள். "டன்," என்றாள் ஏஞ்சலா.

தவமணி பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

வான் இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, நிலமெல்லாம் வெள்ளை. வான் நின்ற இடம் மட்டும் கறுப்பாக, காய்ந்து, நீளச் சதுரமாக இருந்தது. அவள் அதன் ஓரத்தில் வந்து நின்றாள். சதுரத்துக்குள்ளும் பனி விழத் தொடங்கியிருந்தது. முதலில் புள்ளி புள்ளியாக.

மேல் மாடியில் எங்கோ ஜன்னல் திறந்து வாகீசனின் குரல் "அம்மா" என்று கூப்பிட்டது. அவள் நிமிரவில்லை.

ஒரு கார் வந்து அந்தச் சதுரத்துக்குள்ளேயே நின்றது. சாப்பாட்டுப் பையோடு ஒரு பொடியன் இறங்கி, பூட்டியிருந்த பின்கதவை இழுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினான்.

"அன்ரி, யூ லிவ் ஹியர்?"

அவள் ஜக்கெற் பொக்கெற்றுக்குள் கையை விட்டுத் தேடினாள். சாவி இருந்தது.

"ஓம்," என்று சொல்லி, கதவைத் திறந்து, அவன் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.