மூன்றில் ஒன்று போனால்

மூக்கண்டப்பள்ளியில் ஸ்வாதி கழித்தல் கணக்குப் படித்த வாரத்தில், தெருவிலிருந்து இரண்டு கோழிகளும் ஒரு ஸ்கூட்டரும் இல்லாமல் போயின. கோழிக்காரர் வெங்கடப்பன் மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி வரை போய் விசாரித்துவிட்டு, பார்டர் தாண்டிய பொருள் திரும்பாது என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று மாடிப்படியில் உட்கார்ந்து "ஃபைவ் மைனஸ் டூ, த்ரீ" என்று சொன்னதை யார் கவனித்தார்கள்? ராஜலட்சுமி டீச்சரின் டியூஷனில் விரல்விட்டு எண்ணக்கூடாது. கண்ணில் படுவதை வைத்து, இங்கிலீஷில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்கும் இங்கிலீஷும் ஒன்றாக வந்துவிடுகிறதே என்று கம்பெனிக்குப் போகும் பெற்றோருக்கெல்லாம் அதில் ஏகத் திருப்தி.

ஸ்வாதியின் அம்மா சுஜாதாவுக்கும் அந்தத் திருப்திதான். வீட்டுப்பாடம் சொல்லித்தரும் ஆசையில் ஒரு மாலை தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். "நம்ம வீட்டுல மூணு பேரு கண்ணு. அப்பா ஷிப்டுக்குப் போயிட்டா மீதி எத்தினி?" ஷிப்டை வைத்தே நாளை அளக்கும் ஊரில் வேறு என்ன உதாரணம் தோன்றும்? "டூ" என்றாள் ஸ்வாதி. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா மாதவனைக் காணவில்லை. பிசைந்த சோறு தட்டில் இருந்தது, ஷூ வாசலில் இருந்தது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது. "கோழியும் இப்பிடித்தாம்மா போச்சு" என்றாள் குழந்தை. சுஜாதா பெற்ற பிள்ளையைப் பார்த்தே பயந்தாள், பயந்ததற்காக அழுதாள்.

டீச்சர் ஓடிவந்து கூட்டிப் பார்க்கச் சொன்னார். "டூ ப்ளஸ் ஒன், த்ரீ" என்றதும், மாதவனின் தட்டுக்கு முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல மனிதர், கன்னடத்தில் தண்ணீர் கேட்டார். அவரைப் பார்டருக்கு அந்தப் பக்கம் போகும் அத்திப்பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கூட்டினால் ஆள் வரும், அதே ஆள் வராது என்று டீச்சருக்குப் புரிந்தது. கழித்த கணக்கே தப்பாக வேண்டும். "மூணுன்னு சொல்லு தாயி, நா டிக் போடுறேன்" என்று கெஞ்சினார். ஸ்வாதி மாட்டேன் என்றாள். மிரட்டியதில் ஒருமுறை "த்ரீ" என்றாள்; அவளே நம்பாததால் ஒன்றும் நடக்கவில்லை. சரியாகச் சொல்லவே பழகிய பிள்ளையை எப்படித் தப்பை நம்பவைப்பது? சுஜாதா அவளைத் தெருவில் இறக்கவில்லை, பள்ளிக்கும் அனுப்பவில்லை. தூக்கத்தில் அந்த உதடுகள் அசைந்தாலே இவளுக்கு உயிர் போய் வந்தது. மாதவன் எங்கே இருக்கிறான், எங்கேயாவது இருக்கிறானா என்று யாரிடம் போய்க் கேட்பது?

கடைசியில் அவள் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டாள். மூன்று தட்டு வைத்து, மூன்றிலும் சோறு போட்டாள்.

"அது யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு. ஷிப்டுக்குப் போனா சோறு எடுத்து வெக்காம விட்டுருவமா? அவரு எங்க போனாலும் நம்ம வீட்டுல மூணு பேருதான் கண்ணு."

ஸ்வாதி தட்டுகளைப் பார்த்தாள். "அப்போ த்ரீ" என்றாள். குழம்பில் உப்புக் கம்மி என்றான் மாதவன்.

அந்தத் தெருவில் எல்லா அப்பாக்களும் ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான். அதனால் ராஜலட்சுமி டீச்சரின் டியூஷனில் இப்போது மூன்றில் ஒன்று போனால் மூன்று. பள்ளிக்கூடத்தில் அதற்குத் தப்புப் போடுகிறார்கள். பெற்றோர் மார்க்கைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.