குடியில்லாத நிலத்தில் மூன்று மாடுகள்

விச்சாதா ஆற்றோரப் புல்வெளியில் ஒதிலியாவின் மரவள்ளித் தோட்டத்தை மாடுகள் இரண்டாவது தடவையாக மிதித்துத் துவைத்திருந்தன. பண்ணைக்காரன் போட்ட முள்கம்பி வேலி சிக்குவானிப் பழங்குடி ஜனங்களை ஆற்றுக்குப் போகவிடாமல் தடுத்ததே தவிர, அவன் மாடுகளைத் தடுக்கவில்லை. இந்தத் தடவை மூன்று மாடுகள் முற்றம்வரை வந்து, கசப்பு மரவள்ளியைப் பிழிந்து தொட்டியில் வடியவிட்டிருந்த சாற்றைக் குடித்துவிட்டன. காய்ச்சாத சாறு விஷம். மூன்றும் வாசலிலேயே வயிறு உப்பிச் செத்துக் கிடந்தன.

காலையில் பண்ணைக் கங்காணி எவரிஸ்தோ குதிரையில் வந்தான். இறங்கவில்லை.

"வேணும்னே விஷம் வச்சிருக்கீங்க. போலீசுக்கு எழுதப் போறேன்."

ஒதிலியா கையை நீட்டிச் செத்த மாடுகளைக் காட்டினாள். "உன் மாட்டை நானா விருந்துக்குக் கூப்பிட்டேன்? ஒரு வருசச் சாப்பாட்டை அழிச்சிட்டு என் வாசல்லயே செத்தும் கெடக்கு. இந்த நாத்தத்தை யாரு அள்ளுவா, உங்க முதலாளியா?"

"அவரு சென்ட்டுப் பூசிக்கிட்டு வருவாரு மதினி," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார் குமெர்சிந்தா.

எவரிஸ்தோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தாளை எடுத்துச் சேணத்தின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தான்.

"எழுதுய்யா," என்று ஒதிலியா குதிரையை ஒட்டிப் போய் நின்றாள். "யாருமே குடியில்லாத நிலம்னுதானே உங்க முதலாளி பத்திரம் வாங்கினாரு? யாருமே இல்லைன்னா உன் மாட்டைக் கொன்னது யாரு? என் பேரை எழுது. ஒதிலியா பொனாரே. வீடு இருக்கு, தோட்டம் இருக்கு, எங்கம்மாவைப் பொதச்ச இடம் இருக்குன்னு எழுது. பதினாலு வீட்டுப் பேரும் சொல்றேன். கீழ கையெழுத்துப் போடு."

பேனா நின்றது.  எவரிஸ்தோ தாளைக் கசக்கிப் பைக்குள் திணித்தான்.

"வாய்க்கொழுப்பு. அனுபவிப்ப."

"ஏன் நிறுத்திட்ட? எழுதுடா!"

அவன் குதிரையைத் திருப்பி ஓட்டினான். ஒதிலியா வெட்டுக்கத்தியை எடுத்தாள். நட்ட நடுப்பகலில், பதினாலு வீட்டுப் பெண்களும் வேலிக் கம்பங்களை வெட்டிச் சாய்த்தார்கள். செத்த மாடுகளைக் கயிறு கட்டி இழுத்துப்போய்ப் பண்ணை வீட்டு வாசலில் போட்டார்கள்.

போலீசுக்குப் புகார் எதுவும் போகவில்லை. அடுத்த வாரம் பண்ணையாட்கள் புதுக் கம்பங்கள் நட்டார்கள். ஒதிலியா அவற்றையும் வெட்டினாள்.