அரை கோல்

சலூனுக்கு அன்று வார விடுமுறை. ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, முடிவெட்டும் மூன்று சுழல் நாற்காலிகளிலும் மூன்று பேர் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் சலூன்காரர். இன்னொருவர் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர். மூன்றாவது ஆள் வெல்டருடைய மருமகன், மடியில் கணினி. நாலாவது ஆளான வெல்டருக்குத் தலை கழுவும் தொட்டியோரம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடைத்தது. அதிலும் ஒரு கால் கட்டை.

வேலைவெட்டி இல்லாதவன் விளையாட்டு என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டார் வெல்டர். ஊர்த் தொழிலாளர் லீக்கில் ஐம்பது வருஷமாக ஹாக்கி ஆடியவர்கள் அத்தனை பேரையும், செத்தவன் இருக்கிறவன் பார்க்காமல், ஒரே பட்டியலில் போட வேண்டுமாம். முறை வைத்து ஆளுக்கு ஆறு பேரை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒருவன் எடுத்த ஆளை இன்னொருவன் தொடக் கூடாதாம். கடைசியில் யாருடைய ஆறு பேர் அதிகக் கோல் போட்டவர்களோ அவன் ஜெயித்தானாம். பந்து இல்லை, மட்டை இல்லை, மூச்சு வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஜெயிப்பு! நாலாவதாக வரவேண்டிய டிரைவருக்கு டியூட்டி விழுந்துவிட்டதால் வெல்டரை இழுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

"மாமா, முதல்ல கணக்கைப் புரிஞ்சுக்கோங்க" என்றான் மருமகன். "உங்க காலத்துல சேத்துத் தரை. ஒரு மேட்சுக்கு ரெண்டு கோல் விழுந்தா அதிகம். இப்ப டர்ஃப்னு செயற்கைப் புல்லு போட்டாச்சு. ஒரு மேட்சுக்கு ஏழு விழுது. அதனால அந்தக் காலத்துக் கோல் ஒண்ணு, இப்பத்திக் கோல் மூணரைக்குச் சமம்."

"யார் சொன்னது?"

"கணக்கு சொல்லுது."

"கணக்கு எந்தப் பக்கம் ஆடுச்சு? ஃபார்வேர்டா, பேக்கா?"

சலூன்காரர் சிரித்துவிட்டுத் தன் முதல் ஆளை எடுத்தார். பீரங்கி. வெல்டர் வேலை பார்த்த பஸ் பணிமனை அணியின் கேப்டன், ஒன்பதாம் நம்பர் பனியன். செத்துப் பல வருஷமாகிறது. மொத்தம் முப்பத்தொரு கோல். மருமகன் தட்டினான். "நூத்தியெட்டரை. பட்டியல்லயே முதலிடம்."

"அந்த அரை எங்கேருந்து வந்துச்சு மாப்ள?"

"பெருக்கினா வருது மாமா."

"அரை கோல் எப்படிப் போடுவான்? பந்தை ரெண்டா அறுத்து ஒரு துண்டை உள்ள தள்ளுவானா? இல்ல, கோல் காக்கிற கோலி பாதிதான் தூங்கினானா? இந்த மாதிரி கணக்குப் பாக்கிறவனை எங்க பணிமனை வாசல்கிட்டகூட விடமாட்டோம். பஸ்ஸுக்கு மூணரைச் சக்கரம் மாட்டிடுவான்."

கண்ணாடியில் எல்லோர் முகமும் தெரிந்தது. சிரிக்காத முகம் ஒன்றுதான். வாடிக்கையாளர் காத்திருக்கும் பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மச்சானுடைய முகம்.

மச்சான் என்றால் வெல்டர் மனைவியின் அண்ணன். எழுபத்தைந்து வயது. பணிமனை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அதே அணியில் பதினோராம் நம்பர், இடது ஓரம். இந்தச் சமாச்சாரம் நடக்கப்போகிறது என்று காதில் விழுந்ததும் பத்து நாளாகவே அவருக்குத் தூக்கம் இல்லை. இருபத்து நாலு பேரில் தன் பேரும் வரவேண்டும். வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டை சொன்னது.

வீட்டில் மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் பேரு அந்தச் சீட்டுல வரணும். வராம இங்க வந்து சோறு கேட்டுடாதீங்க."

இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, நானே எடுத்துவிட்டால் போகிறது என்றுதான் வெல்டர் கிளம்பினார். ஆனால் சலூன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மச்சான் தடுத்துவிட்டார்.

"இந்தா வெல்டரு, நீ என்னை எடுக்காதே. தங்கச்சி புருஷன் எடுத்தா அது தேர்வு இல்லை, பிச்சை. மத்தவங்க எடுத்தா எடுக்கட்டும்."

நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. வெல்டரு!

சுற்று ஓடியது. சலூன்காரர், வெல்டர், மருமகன், கடைசியில் மருந்துக்கடைக்காரர். மருந்துக்கடைக்காரர் யோசிக்கிற ஜாதியே இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்தே பழகியவர். ஒவ்வொரு முறையும் பட்டியலில் மிச்சம் இருப்பதில் மேலே உள்ள பேரை எடுத்தார். வெல்டரோ முதலில் ஒரு கோலியை எடுத்தார். அப்புறம் நாலு ஃபுல்பேக்.

"மாமா, இவங்க யாரும் ஒரு கோல்கூட போடலை. உங்க அணிக்கு சைபர்தான் வரும்."

"கோல் போட விடாதவன் அவன். உன் கணக்குல அதுக்கு இடம் இருக்கா? இல்லைல்ல? அப்ப சைபரே இருக்கட்டும். அழகா உருண்டையா இருக்கு."

ஐந்து சுற்று முடிந்தது. ஆறாவதில் சலூன்காரரும் எடுத்துவிட்டார். வெல்டர் இன்னொரு ஃபுல்பேக்கை எடுத்தார். மருமகன் எடுத்தான். இனி மருந்துக்கடைக்காரருடைய ஒரு முறைதான் பாக்கி. பட்டியலில் மிச்சம் இருப்பதில் மேலே இருந்தது டர்ஃப் காலத்துப் பையன் ஒருவன். மொத்தம் இருபத்து நாலு கோல், அத்தனையும் பெனால்டி கார்னர். அவனுக்கு அடுத்த இடத்தில் மச்சான். ஆறு கோல். பெருக்கினால் இருபத்தொன்று.

மச்சான் எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். போவதற்கு.

"நில்லுங்க" என்றார் வெல்டர். "அந்த ஸ்கோர் புத்தகத்தை எடு மாப்ள."

புத்தகம் வெல்டருடையதுதான். முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டபின், சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று அணிக்காரர்கள் மேசையோரம் உட்காரவைத்து அவர் கையில் கொடுத்த புத்தகம். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு எண் எழுதத் தெரியும், அது போதும். எத்தனையாவது நிமிஷம், எந்த நம்பர். அவ்வளவுதான். நாற்பது வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்ததை மருமகன் வாங்கிப்போய்க் கணினியில் ஏற்றியிருந்தான்.

"மழை வருஷம். பஞ்சாலை அணியோட ரெண்டாவது மேட்ச். படி."

மருமகன் பக்கத்தைப் புரட்டினான். "முப்பத்து மூணாவது நிமிஷம் ஒன்பதாம் நம்பர் கோல். நாப்பத்தொண்ணு, ஒன்பது வெளியே. அம்பத்திரண்டு, ஒன்பது கோல்."

"இன்னொரு தரம் படி."

படித்தான். பாதியில் நின்றான். "நாப்பத்தொண்ணுல நடுவர் வெளிய அனுப்பிட்டாரு, திரும்ப உள்ள வந்ததா எழுதலை. வெளிய உக்காந்திருந்தவரு அம்பத்திரண்டுல எப்படி..."

"உன் பெட்டி அதைக் கேக்கலையா? மூணரையால பெருக்கத் தெரிஞ்சுது, வெளிய போனவன் கோல் போட மாட்டான்னு தெரியலையா?"

"நீங்கதானே மாமா எழுதினீங்க!"

"ஆமா, நான்தான்" என்றார் வெல்டர். "அந்த வருஷம் பூரா சேறு. முதுகுல நம்பரே தெரியாது. எவன் மேசையைப் பாத்து மட்டையைத் தூக்குறானோ அவன் நம்பரை எழுதிக்குவேன். பீரங்கி எவன் அடிச்சாலும் தூக்குவான். அன்னைக்கு வெளிய வந்து என் பக்கத்துல, என் குடைக்குள்ளதான் உக்காந்திருந்தான். கோல் விழுந்ததும் உக்காந்தபடியே மட்டையைத் தூக்கினான். கை தானா ஒன்பதுன்னு எழுதிடுச்சு."

மருந்துக்கடைக்காரர் முதல்முறையாக நாற்காலியைத் திருப்பினார். "அப்ப அடிச்சது யாருங்கய்யா?"

"இவர்தான்" என்று பெஞ்சுப் பக்கம் தலையை ஆட்டினார் வெல்டர். "அடிச்சிட்டு மேசைப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். நேரா நடுக்கோட்டுக்கு நடந்துடுவார். பெரிய துரை."

"பாத்துட்டுதானே இருந்தே?" என்றார் மச்சான்.

வெல்டர் தொட்டியில் இருந்த குழாயைத் திறந்தார், மூடினார். இந்தக் கும்பலுக்கு முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் கசந்தது. ஊர் வாய்க்கெல்லாம் திறவுகோல் ஒரு சலூன்.

"பாத்தேன். தெரிஞ்சுதான் திருத்தலை. அந்த ஒண்ணு மட்டுமில்ல, அந்த வருஷம் இன்னும் ஏழெட்டு இருக்கும். பொண்ணு கேட்டு வந்தப்ப 'மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கா தங்கச்சியைக் குடுக்கிறது'ன்னு உங்க வீட்டு வாசல்லயே சொன்னீங்க. எழுதத் தெரியாதவன் எழுதினா இப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

மச்சான் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார். தெருநாயைப் பார்க்கிற பார்வை.

"ஏழெட்டுன்னா ஏழா, எட்டா?" என்றார்.

"தெரியாது."

"அதுகூடத் தெரியாது. அன்னைக்கு நான் சொன்னதுல என்ன தப்பு?"

மருமகன் தொண்டையைச் செருமினான். "மாமா, வாயால சொல்றதை எல்லாம் ஏத்த முடியாது. புத்தகத்துலயே தப்புன்னு தெரியறது இந்த ஒரு கோல்தான். அதுவும் பீரங்கி போடலைங்கறதுதான் தெரியுது. இந்தப் பெரியப்பா போட்டார்ங்கறதுக்கு சாட்சி? நீங்க சொந்தம், செல்லாது."

"சாட்சி உன் பக்கத்து நாற்காலியிலயே உக்காந்திருக்கான். கேளு."

சலூன்காரர் அந்தக் காலத்தில் பஞ்சாலை அணியின் கோலி. வெல்டர் கருத்துப்படி, வலையிலாவது ஓட்டைகளுக்கு நடுவில் கயிறு இருந்தது. அவரிடம் அதுவும் இல்லை. இப்போது பீரங்கி அவருடைய ஆள். நூற்றெட்டரை. உண்மையைச் சொன்னால் அதில் குறையும். கண்ணாடி முன்னால் இருந்த சீப்புகளை எடுத்து வரிசையாக அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

"என்னய்யா, நாக்கு முடிக்குள்ள சிக்கிடுச்சா?" என்றார் வெல்டர்.

"இருங்க வெல்டரே, சொல்றேன்." பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். மூட்டுக்குக் கீழே ஒரு பழைய புடைப்பு. "இதுல பட்டுத்தான் உள்ள போச்சு. இடது ஓரத்துலேருந்து வந்தது. பதினொண்ணுதான். விழுந்து கிடக்கிறேன், ஒரு பார்வைகூட பாக்காம திரும்பிப் போனாரு இந்த மகராசன். மழை வந்தா இன்னும் வலிக்குது."

"அடிபட்டதுக்கு மன்னிப்பு கேக்கணுமா?" என்றார் மச்சான். "நகர்ந்திருக்கணும்."

மருமகன் ஒன்பதாம் நம்பர் கணக்கில் ஒன்றைக் கழித்துப் பதினோராம் நம்பரில் சேர்த்தான். "பீரங்கி முப்பது. நூத்தியஞ்சு. இப்பவும் முதலிடம்தான்."

"அப்பாடா!" என்றார் சலூன்காரர். பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். இருந்த யோக்கியம் அந்த அளவுதான்.

"பெரியப்பா ஏழு. ஏழு மூணரை..." மருமகன் திரையைப் பார்த்தபடி நின்றான். "இருபத்து நாலரை."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மேலே இருந்தது இருபத்து நாலரை. அதற்குக் கீழே இருபத்து நாலு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூட இல்லை, அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கு. "மேல இருக்கிற பேரு. ஐயாவோடது. எழுதிக்கோங்க."

இருபத்து நாலாவது ஆள். பேர் ஏறிவிட்டது. வெல்டருக்குச் சோறு உறுதி. ஆனால் வாயில் என்னமோ துரு கடித்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து எந்த அரையைக் காறித் துப்பிக்கொண்டிருந்தாரோ அந்த அரைதான் மச்சானைத் தூக்கி உள்ளே போட்டிருக்கிறது. சலூன்காரர் முழங்கால் பாதி, இந்தப் பெருக்கல் பாதி. இதை ஒரு ஆட்டம் என்று இவர்கள் சொல்கிறார்கள். அதில் ஜெயித்ததாக ஒரு மனிதன் நெஞ்சை நிமிர்த்துகிறான்.

மச்சான் புத்தகத்தை வாங்கினார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, வெல்டர் பக்கம் நீட்டினார்.

"இதுலயும் திருத்து. பெட்டியில ஏறினா போதாது. உன் கையால."

வெல்டர் ஒன்பதை அடித்தார். பக்கத்தில் பதினொன்று எழுதினார். மச்சான் குனிந்து, எண் சரியாக இருக்கிறதா என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பார்த்தார். மை காயும் வரை ஊதினார்.

"அரை கோல் எப்படிப் போடுறதுன்னு கேட்டியே வெல்டரு" என்றார் செருப்பை மாட்டிக்கொண்டு. "நாப்பத்தஞ்சு வருஷம் ஆகும். போய்ச் சாப்பிடு."

ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனார். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.