எலுமிச்சம்பழம் வைக்காத மெஷின்

கட்டிங் மெஷினில் ஒரு விரலைப் பறிகொடுத்த நாள்முதல், காவலுக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் ரத்தினசாமி சுவிட்சைத் தொட்டதே இல்லை. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் வெறுங்கையோடு வந்து நின்றான். பனியன் கம்பெனியே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"பழம் எங்கடா?" முதலாளி அதட்டினார்.

"இனி வேண்டாமுங்க. பயத்தை நேத்துச் சர்ச்சுல ஏசப்பாகிட்ட ஒப்படைச்சுட்டனுங்க."

"அப்பறம் ஏன்டா கை நடுங்குது?"

"கைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி விடவில்லை.

"இன்னொரு விரலும் போச்சுன்னா உன்ர சாமி வந்து ஒட்டவெக்குமா?"

"விரலு போனாப் போகட்டுமுங்க. அவரு என்னைய உட்டுட்டுப் போகமாட்டாரு. செத்தத் தள்ளி நில்லுங்க."

நடுங்குகிற கையாலேயே துணி அடுக்கை இழுத்துவைத்துச் சுவிட்சைப் போட்டான். கத்தி இரைந்தது. ரத்தினசாமி துணியை அதன் முன்னால் தள்ளினான்.