ஒரு பைப்பில் ஆறு கம்பி

1

இந்தக் கதை ஓர் இரும்புப் பைப்பிலிருந்து வந்தது. 1962, சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். கார்த்திகையில் பைப்புக்குள் கம்பி கருகி, கட்டிவைத்த லோடு முழுவதும் எரிந்துபோனது. ஆள் சேதமில்லை. (இருந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.)

வயரிங் செய்தவன் சங்கிலிமுத்து. 'சோம்பேறிப் பயல் சங்கிலிமுத்து அன்றைக்கும்' என்று ஆரம்பித்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனாலும் அவன்மேல் சந்தேகம் போகமாட்டேன் என்கிறது.

2

ஒரு மோட்டாருக்கு மூன்று கம்பி. பைப்புக்குள் மூன்று மட்டும் ஓடினால் சூடு எப்படியோ வெளியேறிவிடும். ஆறை நுழைத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வேகும். முன்பு தாங்கிய கரண்டை அதே கம்பி இப்போது தாங்காது. கனத்த கம்பி போடவேண்டும், இல்லையென்றால் தனிப் பைப்பு. தீ அணைந்தபின் வந்த மின்சார இன்ஸ்பெக்டர் பைப்பை அறுத்துப் பார்த்தார். ஆறு இருந்தன.

"நான் மூணுதான் இழுத்தேன் சார். ஆவணியிலயே முடிச்சிட்டு ராசபாளையம் மில்லு வேலைக்குப் போயிட்டேன்."

சங்கிலிமுத்துவின் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் மேசையில் கிடந்தது. அது போனால் பிழைப்பே போச்சு. அப்படிப்பட்டவன் பொய் சொல்லாமல் என்ன செய்வான் என்று எழுதிவைத்தேன்.

3

முருகம்மாள் காலண்டர் அட்டைக்குப் பசை தடவுகிறவள். அந்த மழைக்காலத்தில் பசை இறுகாமலிருக்க டப்பாவைச் சுடுகிற பைப்போரம் வைப்பாள். இவளை மட்டும் நம்பலாமா? பைப்பு ஏன் சுடுகிறதென்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டாளா?

(கேட்டாள். என்னிடம்தான். பசைக்கு ஆச்சு, போ என்று சிரித்தேன். முந்தைய நான்கு பிரதிகளிலும் இந்த வரி இல்லை.)

இன்ஸ்பெக்டரிடம் அவள் சொன்னாள்: "ஆவணியில குளுந்துதான் கெடந்துச்சுய்யா. ஐப்பசியில ரெண்டாவது மெசினு வந்தப்புறம்தான் சுட்டுச்சு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

5

(நான்கைக் கிழித்துவிட்டேன்.)

நான் யாரென்று இதுவரை சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஸ்டோர் கீப்பர். சீசன் ஆர்டர் தலைக்குமேல் இருந்தது. இரண்டாவது மெஷினுக்குத் தனிப் பைப்பு போட இரண்டு நாள் ஆகும். மூன்று கம்பியை எடுத்துக்கொடுத்து, இதிலேயே இழுத்துவிடு என்று ஓர் ஆளிடம் சொன்னது —

முதலாளி சொல்லித்தான் நடந்தது என்று கதைக்கு ஒரு முடிவு வைத்திருக்கிறேன். சங்கிலிமுத்துவே திரும்ப வந்து இழுத்ததாக இன்னொன்று. இரண்டுமே தங்குதடையில்லாமல் வருகின்றன. அதனால்தான் எனக்கே என்மேல் சந்தேகம்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "கம்பிய எடுத்துக் குடுத்தது யாருன்னு எழுதிக் குடுங்க."

சங்கிலிமுத்து தன் லைசென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தாளைப் படிக்கிற நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வரிதான், எனக்கு எழுத வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை.