பிசகாமல் சுற்றிய கம்பி

அப்பாவின் மோட்டார் ரிப்பேர் கடையில், புகைந்துபோன மிக்சிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சித்தப்பா நடுவர் வேஷம் கட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியதிலேயே பாதி நடுவராகிவிட்டார். மறுநாள் பள்ளியில் அறிவியல் போட்டி. வீட்டில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி, இரும்பு போல்ட்டில் கம்பி சுற்றிச் செய்த தன் மின்காந்தத்தோடு எதிரே நின்றாள்.

"நடுவுல எதுக்கு இரும்பு போல்ட்டு?"

"இரும்பு இருந்தாத்தான் காந்த சக்தி பல மடங்கு ஆகும் சார்."

"பேட்டரிய கழட்டினா?"

"குண்டூசி எல்லாம் பொலபொலன்னு கொட்டிடும் சார்."

"பலே! சரி, இத யார் சுத்துனது?"

"நான்தான்."

சித்தப்பா போல்ட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நம்ப மாட்டாங்கடி. ஒரு சுத்துகூடப் பிசகல. உங்கப்பா மோட்டாருக்குக் கம்பி சுத்துறவர்னு ஊருக்கே தெரியும். அங்கங்க கொஞ்சம் கோணலாக்கிடு."

வாயாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷமும் இதே கதைதான். 'அப்பா செஞ்சு குடுத்தாரா?' என்று நடுவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். இந்த வருஷம் விரல் கொப்புளிக்கச் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அப்பா கிட்டேயே வரவில்லை. ஒழுங்காகச் செய்தால் திருட்டு, கோணலாகச் செய்தால்தான் சொந்தமா? இது எந்த ஊர் நியாயம்!

"அப்பா, நீங்களே சொல்லுங்க!"

அப்பா கழற்றிக்கொண்டிருந்த மோட்டாரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சித்தப்பா சொல்றதும் சரிதாம்மா. கொஞ்சம் கலைச்சுடு. நமக்கு எதுக்கு வம்பு?"

அவருமா! அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"கொஞ்சம் என்ன, முழுசாவே கலைக்கிறேன்!" என்று போல்ட்டிலிருந்து கம்பியைச் சரசரவென்று உருவினாள்.

"அடிப்பாவி, விடிஞ்சா போட்டி!" சித்தப்பா பதறி எழுந்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உருவிய கம்பியைச் சிக்கில்லாமல் ஒரு காலி நூல்கட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் நடுவர்கள் இருவர் அவள் மேசைக்கு வந்தார்கள். போன வருஷம் சிரித்தவரும் அதில் ஒருவர். மேசையில் மொட்டைப் போல்ட், கம்பிக் கட்டை, பேட்டரி, ஒரு தட்டு குண்டூசி. அவ்வளவுதான்.

"மின்காந்தம் எங்கம்மா?"

"இன்னும் செய்யல சார்." கம்பி முனையைப் போல்ட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். "போன வருஷம் மாதிரி கேட்டுட்டுப் போயிடாதீங்க. உக்காருங்க."